ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து டிஜிட்டல் மார்க்கெட்டிங்: 75,000 ரூபாய் கோர்ஸில் சேரட்டுமா?

கரூரிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 31. பி.காம். படித்தவர். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் ஏழு வருடமாக மெர்ச்சன்டைசிங் பிரிவில் இருக்கிறார். வெளிநாட்டு பையர்களின் மெயிலுக்குப் பதில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று தறிக்கும் சாயப்பட்டறைக்கும் தையல் யூனிட்டுக்கும் போன் போட்டுத் துரத்துவது இவையெல்லாம் அவர் வேலை. சம்பளம் 22,000 ரூபாய். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. இதே நாற்காலியில் இன்னும் எத்தனை வருடம் என்ற சலிப்பு வந்துவிட்டது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் பக்கம் போக ஆசை. இன்ஸ்டாகிராமில் சமையல் ரீல்ஸ் போடுகிறார். சுமார் 4,000 பேர் பின்தொடர்கிறார்கள். "எனக்கு மார்க்கெட்டிங் வரும் என்பதற்கு இது போதாதா?" என்று கேட்கிறார்.

கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம் நான்கு மாத கோர்ஸுக்கு 75,000 ரூபாய் கேட்கிறது. "நூறு சதவீத வேலை உத்தரவாதம், தொடக்கச் சம்பளம் 30,000" என்று சொல்கிறார்கள். கையில் பணம் இல்லை என்றால் வட்டியில்லா இஎம்ஐ. பட்டச் சான்றிதழின் ஒரிஜினலை கோர்ஸ் முடியும்வரை அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டுமாம். சென்னையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி ஒன்றில் இருக்கும் அத்தை மகனோ, கோர்ஸெல்லாம் வேண்டாம், ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார், அது ஒன்றுதான் வழி என்கிறார். இதற்கு நடுவில் டெலிகிராமில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்ட் டைம்' என்று ஒரு வேலை வந்திருக்கிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய். இரண்டு நாள் காசு வந்ததாம். இப்போது 5,000 கட்டினால் 'பிரீமியம் டாஸ்க்' தருகிறோம் என்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு கோர்ஸில் சேரட்டுமா, 31 வயது தாமதமா, இங்கிலீஷ் படித்தால் புரிகிறது ஆனால் பேச வரவில்லையே, ஏஐ வந்துவிட்ட பிறகு இந்தத் துறையே இருக்குமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த டெலிகிராம் குழுவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அது மார்க்கெட்டிங் வேலையே இல்லை. முதல் இரண்டு நாள் சின்னத் தொகை கொடுத்து நம்பிக்கையை வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் பெரிய தொகை கேட்பதுதான் அந்த மோசடியின் வழக்கமான முறை. கட்டினால் திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப் போனால் 'வரி கட்டு' என்பார்கள். ஏற்கெனவே பணம் எதுவும் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையோ ஆதார் நகலையோ அவர்களுக்குக் கொடுத்திருந்தால் வங்கிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் "எனக்கு அனுபவமே இல்லை" என்று பல இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களிடம் இல்லாதது டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் செய்து காட்டிய வேலை. அதைச் சில மாதத்தில் உண்டாக்கிவிடலாம். மற்றபடி, வெளிநாட்டு பையர் ஒருவர் முதல் மெயிலில் என்ன கேட்பார், எதைப் பார்த்து நம்புவார், எந்தப் பதிலுக்குப் பிறகு காணாமல் போவார் என்பதை ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தக் கோர்ஸிலும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

ஆளெடுப்பவர் எதைப் பார்க்கிறார்

நான் இந்தத் துறையில் பல வருடம் ஆட்களை நேர்காணல் செய்திருக்கிறேன். புதியவர்களின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கூகுள் சான்றிதழ், ஹப்ஸ்பாட் சான்றிதழ், ஏதோ ஒரு பயிற்சி நிறுவனத்தின் சான்றிதழ், பிறகு 'கடின உழைப்பாளி'. சான்றிதழ் தப்பில்லை. கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் விளம்பரத்துக்கும், தள வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸுக்கும் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கக் காசே வேண்டாம், ஒரு வருடம் செல்லும். ஆனால் எல்லோரிடமும் இருப்பதை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது? அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "எதையாவது நடத்திப் பார்த்திருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவு, என்ன நடந்தது?" ஒரு தையற்கடைக்கு 2,000 ரூபாய் விளம்பரம் நடத்தி, அது தோற்றுப்போய், ஏன் தோற்றது என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்த பெண்ணைச் சான்றிதழ் கட்டோடு வருபவருக்கு முன்னால் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் ரீல்ஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 4,000 பேர் சேர்ந்தது நல்ல விஷயம்தான். விடாமல் செய்கிறீர்கள், எடிட்டிங் வருகிறது, எந்த நேரத்தில் போட்டால் பார்க்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் நிறுவனம் சம்பளம் கொடுப்பது பார்வைக்கு அல்ல, விற்பனைக்கு. அந்த 4,000 பேரில் யாராவது எதையாவது உங்களிடம் வாங்கினார்களா? வாங்க வைக்க எவ்வளவு செலவானது? மார்க்கெட்டிங் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, முறைதான் முக்கியம். விளம்பரத்துக்கு 3,000 ரூபாய் வைக்கிறீர்கள். ஒரு கிளிக்குக்கு 15 ரூபாய் என்றால் 200 பேர் தளத்துக்கு வருகிறார்கள். அதில் 10 பேர் விசாரிக்கிறார்கள். 2 பேர் வாங்குகிறார்கள். ஒரு விசாரணைக்கு 300 ரூபாய், ஒரு ஆர்டருக்கு 1,500 ரூபாய் ஆகியிருக்கிறது. ஆர்டரில் லாபம் 1,000தான் என்றால் இந்த விளம்பரம் நஷ்டம். 4,000 என்றால் பட்ஜெட்டை ஏற்றலாம். நடுவில் ஒன்றை மறந்துவிடுவார்கள்: விளம்பரச் செலவுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 3,000 என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு 3,540 பில் காட்டினால் முதல் மாதமே முகம் சுளிப்பார். இந்தக் கணக்கில் பி.காம்.காரருக்குப் புரியாதது எதுவுமில்லை. இன்ஸ்டாகிராமில் ஆடிப்பாடுபவர்கள் பலருக்கு இது வராது. உங்களுக்கு வரும்.

கரூர் துணியை விட்டு ஓடாதீர்கள்

நீங்கள் தப்பித்து ஓட நினைக்கும் இடம்தான் உங்கள் பலம் என்பது என் கருத்து. டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்பது ஒரே வேலை அல்ல. தேடலில் மேலே வர வைக்கும் எஸ்இஓ ஒன்று, காசு கொடுத்து விளம்பரம் நடத்துவது இன்னொன்று. சமூக ஊடகம், மெயில், வாட்ஸப், தரவு அலசல் என்று தனித்தனிப் பிரிவுகள். எல்லாவற்றையும் நான்கு மாதத்தில் கற்றுத்தருகிறோம் என்றால் எதையும் கற்றுத்தரவில்லை என்றுதான் அர்த்தம். உங்களுக்கு நான் சொல்வது எஸ்இஓவும், நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனங்களுக்கான உள்ளடக்கமும். சமையல் ரீல்ஸ் போடும் கூட்டத்தில் நீங்கள் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) என்றால் என்ன, குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஏன் அவ்வளவு, ஆர்கானிக் பருத்திக்கு காட்ஸ் சான்றிதழ் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்து எழுதக்கூடிய ஆட்கள் மிகக் குறைவு.

உதாரணம் சொல்கிறேன். உங்கள் நிறுவனம் சமையலறைத் துண்டு ஏற்றுமதி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்து பையர் அதை 'டீ டவல்' என்று தேடுவார். அமெரிக்கர் 'டிஷ் டவல்' என்றோ 'கிச்சன் டவல்' என்றோ தேடுவார். இந்தியாவில் 'கிச்சன் டவல்' என்று தேடுபவர்களில் பலருக்கு வேண்டியது பேப்பர் ரோல். இது தெரியாத ஏஜென்சிப் பையன் 'கிச்சன் டவல்' என்று ஒரே கீவேர்டை (தேடுசொல்லை) போட்டு இந்தியா முழுக்க விளம்பரம் ஓடவிட்டால், பேப்பர் ரோல் தேடுபவர்கள் கிளிக் செய்து காசைத் தீர்த்துவிடுவார்கள். நீங்கள் என்றால் நாடுவாரியாகப் பிரித்து, 'பேப்பர்', 'டிஷ்யூ', 'ரோல்' என்பவற்றை எதிர்மறைக் கீவேர்டாக, அதாவது இந்தச் சொல் இருந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று, போட்டுவிட்டுத்தான் தொடங்குவீர்கள். அந்த ஒரு வேலையில் மிச்சமாகும் பணமே உங்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காரணமாகும்.

இன்னொன்று. ஜனவரியில் பிராங்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோகத் துணிக் கண்காட்சி நடக்கிறது. கரூரிலிருந்து ஸ்டால் போடுகிறார்கள். அங்கே போவதற்கு முன்பே பையர்களோடு சந்திப்பு நேரம் முடிவாகிவிட்டால்தான் அந்தச் செலவு தகும். அப்படியானால் நவம்பர், டிசம்பரிலேயே பழைய பையர்களுக்கு மெயில் போக வேண்டும், தளத்தில் புது டிசைன் பக்கம் தயாராக இருக்க வேண்டும், லிங்க்ட்இனில் ஸ்டால் எண் வர வேண்டும். கண்காட்சிக்குப் பெட்டி கட்டும் நெருக்கடியை ஒவ்வொரு வருடமும் பார்க்கும் உங்களுக்கு இந்த நாள்காட்டியைப் போட எத்தனை நேரமாகும்?

வேலையில் இருந்துகொண்டே தொடங்குவது

ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள். முதலில் உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ஏற்றுமதி நிறுவனங்களின் தளம் யாரோ பல வருடத்துக்கு முன் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனதாகவே இருக்கும். தயாரிப்புப் பக்கத்தில் படம் மட்டும் இருக்கும். அளவு, ஜிஎஸ்எம், எத்தனை நாளில் அனுப்ப முடியும் என்பது எதுவும் இருக்காது. விசாரணைப் படிவத்தை நிரப்பினால் யாருடைய மெயிலுக்குப் போகிறது என்று முதலாளிக்கே தெரியாது. அதை நீங்களே நிரப்பிச் சோதித்துப் பாருங்கள்.

பிறகு முதலாளியிடம் பேசுங்கள். "சார், என் வேலையை விட்டுக்கொடுக்காமல், வாரத்தில் சில மணி நேரம் நம் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். மூன்று மாதம் கழித்து எத்தனை விசாரணை வந்தது என்று காட்டுகிறேன்" என்று கேட்டால் போதும். பதவி மாற்றம், சம்பள உயர்வு எதையும் அன்றைக்கே கேட்க வேண்டாம். அவர் ஒப்புக்கொண்டால் கூகுளின் சர்ச் கன்சோலில் உங்களைப் பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். இலவசக் கருவிதான். எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் கண்ணில் தளம் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்று 16 மாதத் தரவைக் காட்டும். தொடங்கும் அன்றே அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'முன்பு' என்ன இருந்தது என்று காட்ட முடியாததால்தான் பலருடைய நல்ல வேலை வீணாகிறது.

முதல் மாதம் புதிதாக எதையும் எழுத வேண்டாம். பல முறை கண்ணில் பட்டும் யாரும் கிளிக் செய்யாத பக்கங்கள் எவை என்று பார்த்து, அவற்றின் தலைப்பையும் விவரத்தையும் திருத்துங்கள். அடுத்த மாதம், பையர்கள் உங்களிடம் மெயிலில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளில் ஐந்தாறை எடுத்துத் தளத்தில் பதிலாக எழுதுங்கள். இன்பாக்ஸைவிடச் சிறந்த கீவேர்டு கருவி கிடையாது. மூன்றாம் மாதம் வந்த விசாரணைகளை எண்ணுங்கள். எந்த நாடு, எந்தப் பொருள், எது சாம்பிள் வரைக்கும் போனது என்று குறித்துவையுங்கள். தேடல் முடிவுகள் நகர நேரமாகும். மூன்று மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாமலும் போகலாம். தெரியாவிட்டால் அதையும் நேர்மையாக எழுதிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பையர் பெயர், விலை, ஆர்டர் அளவு இவை நிறுவனத்தின் ரகசியம். நாளைக்கு வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போகும்போது அவற்றைக் காட்டினால் உங்கள் மேல் வழக்கு வரலாம், அதற்கு முன்பே எதிரில் இருப்பவர் உங்களை நம்பாமல் போய்விடுவார். "விசாரணை இத்தனை மடங்கானது" என்ற அளவில் மட்டும், அதுவும் முதலாளியின் சம்மதத்தோடு பயன்படுத்துங்கள்.

முதலாளி 'அதெல்லாம் எதுக்கும்மா' என்று சொல்லிவிட்டால்? ஊரில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் கணவர் வேலை செய்யும் பட்டறைக்கே கூகுள் மேப்பில் சரியான பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெயர், சரியான வகை, நேரம், போன் எண், பட்டறையில் கட்டி முடித்த வண்டிகளின் படங்கள் இவற்றை ஒழுங்குபடுத்தினால் எத்தனை பேர் அதன் வழியாக அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று கூகுளே கணக்குக் காட்டும். தெரிந்தவர்களை வைத்துப் பொய் ரிவ்யூ மட்டும் போட வேண்டாம். விதிமீறல், பதிவையே முடக்கிவிடக்கூடும். தரவு அலசல் பழக, கூகுள் தன் சொந்த வணிகப் பொருள் கடையின் அனலிட்டிக்ஸ் கணக்கை டெமோவாகத் திறந்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், கெடுத்துவிட முடியாது.

அந்த 75,000 ரூபாய்

கோர்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்குத் தானாகப் படிக்க வராது, ஒரு வகுப்பு, ஒரு நேரம், கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று விஷயங்கள் எனக்கு இடிக்கின்றன.

முதலாவது, ஒரிஜினல் சான்றிதழ். கொடுக்கவே கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் எதிரில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், நகல் கொடுக்கலாம். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, பணம் பாக்கி என்று சொல்லி அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிமன்றம் போய் வாங்கும் நிலைமைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்? இந்த நிபந்தனையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வட்டியில்லா இஎம்ஐ. அதைப் பயிற்சி நிறுவனம் தரும் தவணை என்று நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பணம் முழுதும் அன்றே பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். வகுப்பு பிடிக்காமல் இரண்டாம் வாரம் நின்றாலும், நிறுவனமே மூடிவிட்டாலும், தவணை உங்கள் தலையில்தான். கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் இறங்கி, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை அவர்கள் தந்தாக வேண்டும். டிஜிட்டல் கடன் என்றால், வாங்கிய பின் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய அவகாசமும் உண்டு. அது எத்தனை நாள் என்று அந்த அறிக்கையிலேயே இருக்கும்.

மூன்றாவது, நூறு சதவீத உத்தரவாதம். வேலை கொடுப்பது வேறொரு நிறுவனம், அதற்கு இவர்கள் எப்படி உத்தரவாதம் தர முடியும்? ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால் 'வேலை உதவி' என்றுதான் எழுதியிருக்கும். பயிற்சி மையங்கள் பொய்யான வெற்றி உத்தரவாதமும் வேலை உத்தரவாதமும் தந்து விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஏமாற்றப்பட்டால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் வாய் வார்த்தை அங்கே நிற்காது. அவர்கள் சொன்னதையெல்லாம் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில்.

அங்கே நேரில் போனால் இதையும் கேளுங்கள்: வகுப்பு எடுப்பவர் இப்போது யாருக்காவது விளம்பரக் கணக்கு நடத்துகிறாரா? மாணவர்கள் நிஜப் பணத்தில் விளம்பரம் ஓட்டுவார்களா, திரையில் காட்டுவதோடு சரியா? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும்? பாடத்திட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையிலேயே நின்றுவிட்டது. அது இன்னும் பாடத்தில் இருந்தால் அந்தப் புத்தகத்தை யாரும் அதன்பின் புரட்டவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், மூன்று மாதம் சொந்தமாகச் செய்து பார்த்துவிட்டு, எங்கே தடுமாறுகிறேன் என்று தெரிந்த பிறகு, அந்த ஒரு பகுதிக்கு மட்டும் சின்னக் கட்டணத்தில் வகுப்புத் தேடுவேன்.

சம்பளமில்லாத ஆறு மாதம்

உங்கள் அத்தை மகன் சொல்வதில் பாதி சரி. ஏஜென்சியில் ஆறு மாதத்தில் கிடைக்கும் வேகம் தனியாகச் செய்தால் வராது, பல தொழில்களின் கணக்குகளை ஒரே நேரத்தில் பார்ப்பீர்கள். ஆனால் அது 21 வயதில் அப்பா வீட்டில் இருப்பவருக்குச் சரி. வீட்டில் உங்கள் 22,000 இல்லாமல் ஆறு மாதம் ஓடுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கணவரோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

சம்பளத்திலும் கொஞ்சம் தெளிவு வேண்டும். கோவை, திருச்சி பக்கம் அனுபவமில்லாத புதியவருக்கு ஏஜென்சிகள் தருவது நான் பார்த்தவரை 12,000 முதல் 20,000 ரூபாய். ஏஜென்சியில் புதியவராகச் சேர்ந்தால் உங்களுக்கு வருமானம் குறையும். துணித் துறை தெரிந்த ஆள் என்ற முறையில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவுக்குப் போனால் இப்போது வாங்குவதைத் தக்கவைக்கலாம். கரூர், திருப்பூர் பக்கம் அந்த மாதிரி ஆள் தேடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். யாராவது சொல்லித்தான் தெரியும்.

எங்கே சேர்ந்தாலும், வேலை தருவதற்கு உங்களிடம் பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். சம்பளமில்லாப் பயிற்சி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் கணக்குகளில் கை வைக்க விடுவார்கள், முடிவில் என்ன செய்தேன் என்று கடிதம் தருவார்களா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். சில இடங்களில் இரண்டு வருட பாண்டு, அதாவது இடையில் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம், கேட்பார்கள். 'அதெல்லாம் கோர்ட்டில் செல்லாது' என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள், நம்ப வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் வழக்கில் 2 லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. உங்களுக்குப் பயிற்சிக்கே செலவு செய்யாத சின்ன ஏஜென்சியின் பாண்டை நீதிமன்றம் அதே கண்ணால் பார்க்காமல் போகலாம். அதை வாதாடி நிரூபிக்கும் செலவு உங்களுடையது.

ஏஐ, வயது, இங்கிலீஷ்

ஏஐயால் அடி விழுந்திருக்கிறது, மறைப்பதில் பயனில்லை. இத்தனை வார்த்தைக்கு இத்தனை ரூபாய் என்று பொதுவான கட்டுரை எழுதித் துறைக்குள் நுழைந்த வழி சுருங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகுள் தேடலின் மேலேயே ஏஐ சுருக்கம் வரத் தொடங்கிய பிறகு, 'பருத்தி என்றால் என்ன' மாதிரிக் கேள்விக்கு யாரும் தளத்துக்குள் வர வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஆனால் 5,000 துண்டு வாங்கப்போகும் பையர் சுருக்கத்தைப் படித்துவிட்டு ஆர்டர் போட மாட்டார். அவர் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும், சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும், யாரோடாவது பேச வேண்டும். அந்த இடத்தில்தான் உங்களை நிற்கச் சொல்கிறேன். ஏஐ கருவிகளை வரைவுக்கும் இங்கிலீஷ் திருத்தத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சாயம் போகுமா போகாதா என்பதை மட்டும் அதனிடம் கேட்டு எழுதாதீர்கள்.

31 வயது ஒரு பிரச்சினையே இல்லை. 23 வயது மேனேஜருக்குக் கீழே வேலை செய்ய மனம் ஒப்புமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் விஷயத்தில் உங்களை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். ஏழு வருடமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதுபவருக்கு இங்கிலீஷ் வராது என்று யார் சொன்னது? இந்த வேலையில் பெரும்பகுதி எழுத்துதான். பேச்சு தேவைப்படும் இடம் மாதாந்திர அறிக்கையைக் கிளையன்ட்டுக்கு விளக்குவது. அதற்குச் சில வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு, காரணம் இது, அடுத்து இதைச் செய்யப்போகிறோம். உங்கள் மூன்று மாத அறிக்கையை வைத்து, போனில் ரெக்கார்ட் செய்து, தினமும் பேசிப் பழகுங்கள். நேர்காணலிலும் அதையேதான் கேட்பார்கள். உள்ளூர் நிறுவனங்களில் தமிழிலேயே பேசிவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குழந்தையைக் கவனித்துக்கொண்டே வீட்டிலிருந்து செய்யலாம் என்ற எண்ணத்தைக் கடிதத்தின் கடைசியில் சொல்லியிருந்தீர்கள். பின்னால் முடியும். முதல் வருடமே அதை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் அதிகம். வீட்டிலிருந்து வேலை என்று புதியவர்களுக்கு வரும் விளம்பரங்களில் பாதி அந்த டெலிகிராம் குழுவின் தம்பிகள்தான். இந்த வாரம் தளத்தையும் விசாரணைப் படிவத்தையும் சோதித்துவிட்டு முதலாளியிடம் பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதினால், சர்ச் கன்சோலில் முதலில் எந்தப் பக்கத்தைத் திருத்துவது என்று சேர்ந்து பார்க்கலாம்.